எக்ஸெல் நிற்கிறது

அவிநாசிபாளையம்
16.06.2024

அன்புள்ள அம்மிணி கீதாஞ்சலிக்கு,

மாமன் அய்யாசாமி எழுதுவது. நானும் உன் அத்தை சாமியாத்தாளும் இங்கே குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். புது விடுதியின் தண்ணீரும் சாப்பாடும் உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டனவா என்பதை முதலில் எழுது.

உங்கள் பள்ளியில் கைபேசிக்கு அனுமதி இல்லை என்பதையும், வருகிற போகிற கடிதங்களை விடுதிக் காப்பாளர் படித்த பின்பே தருவார் என்பதையும் அவர்கள் கொடுத்த விதிமுறைப் புத்தகத்தில் பார்த்தேன். பல்லடம் கோர்ட்டில் நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் எதிர்த்தரப்பு குற்றம் கண்டுபிடிக்கவே படிக்கிறது. ஆகவே மூன்றாம் ஒருவர் படிப்பது எனக்குப் புதிதல்ல. நீ கூச்சப்படாமல் எழுது.

எக்ஸெல் பற்றிய நிலைமையைத் தெளிவாகப் பதிவு செய்துவிடுகிறேன். உன் சீருக்கு மாமன் என்ன தரவேண்டும் என்று சொந்தக்காரர்கள் முன்னிலையில் கேட்டபோது, நகை கேட்பாய் என்று எல்லோரும் காத்திருக்க, நீ “குதிரை” என்றாய். சிரித்துக்கொண்டே நானும் சரி என்றேன். சபையில் சொல்லிவிட்ட சொல் என்பதால் அந்த ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போய், அங்கிருந்தவற்றில் மிகக் குள்ளமான மட்டக்குதிரையை வாங்கி வந்தேன். என் இடுப்புக்குக்கூட எட்டாத அதற்கு, உன் அப்பாவின் பனியன் கம்பெனியில் லேபிள் தைக்கும் பெண்கள் பெரிய பனியனின் சைஸான எக்ஸெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். திருப்பூர் ராயபுரத்து வாடகை வீட்டில் இடமில்லாததால் என் தோட்டத்தில் நிற்கிறதே தவிர, சீராகக் கொடுத்த பொருளில் மாமனுக்கு எந்த உரிமையும் கிடையாது. உடைமை உன்னுடையது. பாதுகாப்பு மட்டும் என்னுடையது.

சனி ஞாயிறுகளில் நீ வந்து செய்த வேலைகள் எவ்வளவு என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. மாடென்றால் கட்டிவிட்டுக் கோர்ட்டுக்குப் போகலாம். இதைத் தேய்க்க வேண்டும், நடத்த வேண்டும், குளம்பில் கல் சிக்கியிருக்கிறதா என்று நான்கு காலையும் தூக்கிப் பார்க்க வேண்டும். குளம்பு சீவ லாடக்காரர் சுப்பையன் வந்தார். காங்கயம் காளைக்கு வாங்குகிற கூலியையே இதற்கும் கேட்டார். “உருவத்தில் கால்வாசிகூட இல்லையே” என்றேன். “காலு நாலுதானுங்களே வக்கீலய்யா? சைஸ் பாத்து ரேட்டுப் போட இதென்ன பனியனுங்களா?” என்றார். கேட்ட கூலியை எண்ணிக் கொடுத்தேன்.

கோர்ட் பார் ரூமில் சக வழக்கறிஞர்கள் “குதிரை வக்காலத்துல கையெழுத்துப் போட்டுருச்சுங்களா?” என்று தினமும் கேட்கிறார்கள். அதையும் பாதுகாப்புச் செலவில் சேர்த்துக்கொள்கிறேன்.

கவனமாகப் படி. உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் அன்புடன்,
மாமன் அய்யாசாமி


நாமக்கல்
30.06.2024

மாமாவுக்கும் அத்தைக்கும் கீதாஞ்சலியின் வணக்கம்.

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். நீங்களும் அத்தையும் எக்ஸெல்லும் எப்படி இருக்கிறீர்கள்? தண்ணீர் கொஞ்சம் உப்பு, மற்றபடி பரவாயில்லை. இன்று மெஸ்ஸில் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் போட்டார்கள். விடியும் முன்பே ஸ்டடி ஹாலுக்குப் போய்விட வேண்டும். என் இடம் ஜன்னல் ஓரம். ஜன்னல் கண்ணாடிக்குப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள்.

அத்தையிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் எக்ஸெல்லுக்கு வைக்கவே கூடாது. அத்தைக்குப் பாசம் வந்தால் கை தானாகத் தவிட்டுப் பானைக்குப் போய்விடும். மாட்டுக்கு அது சத்து. இதற்குக் கால் வீங்கிவிடும். குதிரை என்றாலே கொள்ளு என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் கொண்டுவந்து கொட்டுவார்கள். வாங்கி வைத்துக்கொண்டு ஒரு கைப்பிடி மட்டும் ஊறவைத்துப் போடுங்கள். சோளத்தட்டும் கொழுக்கட்டைப் புல்லும் போதும். அது எப்போதும் இன்னும் வேண்டும் என்பது போலத்தான் பார்க்கும். நம்பாதீர்கள்.

வேலி ஓரமாகப் போய்த் திரும்பித் திரும்பி நடக்கிறதா? நான் கிளம்பும் போதே அப்படி நடந்தது. தனியாக இருந்தால் அப்படித்தான் செய்யும்.

விசிட்டிங் ஞாயிறு மாதத்தில் ஒன்றுதான், இரண்டாவது ஞாயிறு. இந்த முறை அம்மாவால் வர முடியவில்லை. ஷிப்மென்ட் நேரம் என்று விடுதிப் போனில் சொன்னார்கள். எனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் ஓடும். நான் அன்று பார்க்க வருகிறவர்கள் உட்காரும் மரத்தடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அங்கே நல்ல காற்று.

இப்படிக்கு, உங்கள் அன்பு மருமகள்,
கீதாஞ்சலி


அவிநாசிபாளையம்
21.07.2024

அன்புள்ள கீதாஞ்சலிக்கு,

மாமன் எழுதுவது. உன் அத்தைக்கு முட்டிவலி சற்றுக் குறைந்திருக்கிறது. எனக்குச் சொல்லும்படியாக நோய் ஏதும் இல்லை. உன் உடல்நிலை எப்படி? உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துத் தர முடியுமா என்று மெஸ்ஸில் கேட்டுப் பார்.

உன் அறிவுரைகளை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். “அட, ஒருவாய் புண்ணாக்குத் தின்னாக் கொறஞ்சா போயிரும்? புள்ள ஊருல இல்லாத ஏக்கத்துல அது எளச்சுப் போயி நிக்குதுங்க” என்றாள். இளைக்கவில்லை. நான் கயிறு கொண்டு வயிற்றை அளந்து வைத்திருக்கிறேன். ஆனால் நீ கேட்டது சரிதான். வேலியோரம் அது நடந்து நடந்து புல் செத்து, வண்டித்தடம் போல ஒரு கோடு விழுந்துவிட்டது. என் ஆபீஸ் அறையில் உட்கார்ந்தால் அதன் குளம்புச் சத்தம் போய் வந்துகொண்டே இருக்கிறது. வழக்குக் கட்டைப் பிரித்தால் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

ஆடிச் சாரலில் கொட்டகைத் தரை ஈரமாகிவிட்டது. வைக்கோல் பரப்பினால் விடிவதற்குள் தின்றுவிடுகிறது. உன் அப்பா சிவராஜ் மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னபோது அவரே வழி சொன்னார். “மச்சான், நம்ம ஊருல இருந்துக்கிட்டு மெத்தைக்கு யோசிக்கலாமுங்களா? கட்டிங் டேபிள் வேஸ்ட் மூட்டை மூட்டையாக் கெடக்குது. அத்தனையும் காட்டன். அனுப்பிவிடறனுங்க. உங்க குதிரை வெளிநாட்டுக்காரன் போடற பனியன் மேல படுத்துத் தூங்கட்டும்.”

எடுத்த எடுப்பில் ஒப்புக்கொள்ளவில்லை. சாயம் போடாத வெள்ளை வேஸ்ட் மட்டுமே அனுப்பும்படி நிபந்தனை விதித்தேன். ஊசி, பட்டன் கலந்திருக்கிறதா என்று நானே மூட்டையைப் பிரித்துச் சோதித்தேன். ஈரத்தை உறிஞ்சுகிறது, மென்மையாக இருக்கிறது, செலவில்லை. மூன்றையும் எடைபோட்டுப் பார்த்த பின்பே பரப்பினேன். இன்று எக்ஸெல் அதன்மேல் படுத்துப் புரண்டது. உன் அத்தை நெடுநேரம் நின்று பார்த்தாள்.

அடுத்த விசிட்டிங் ஞாயிறுக்கு உன் அம்மாவை எப்படியாவது அனுப்பிவைக்கச் சொல்லியிருக்கிறேன். உன் பதிலை எதிர்பார்த்து,

மாமன் அய்யாசாமி


நாமக்கல்
04.08.2024

மாமாவுக்கு வணக்கம்.

அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நலம். மெஸ்ஸில் இன்று சேமியா.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதனால் அவசரமாக எழுதுகிறேன். பனியன் வேஸ்ட்டை உடனே எடுத்துவிடுங்கள், மாமா. ஒரு துண்டுகூட இருக்கக்கூடாது. எக்ஸெல் துணி மெல்லும். போன வருஷம் என் ஐடி கார்டு நாடாவைப் பாதி தின்றுவிட்டது, நான்தான் வாயிலிருந்து இழுத்தேன். உங்களிடம் சொன்னால் திட்டுவீர்கள் என்று சொல்லவில்லை. மாட்டுக்கு அசைபோடும் போதாவது தின்றது வாய்க்குத் திரும்பி வரும். இதற்கு வாந்திகூட வராது. உள்ளே போனது குடலில்தான் நிற்கும்.

நாளை முதல் மந்த்லி டெஸ்ட், மாதக் கடைசி வரை இழுக்கும். டெஸ்ட் முடியும் வரை கடிதம் வெளியே போகாது, உள்ளே வராது, போனும் கிடையாது என்று இந்த வருஷம் புதிதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதை மட்டும் இன்றே தபாலில் போடும்படி வார்டன் மேடத்திடம் கேட்கப் போகிறேன்.

கீதாஞ்சலி


25.08.2024

அன்புள்ள கீதாஞ்சலிக்கு,

மாமன் எழுதுவது. நான் நலம். உன் அத்தை வீட்டில் நலமாக இருக்கிறாள். உன் தேர்வுகள் நல்லபடியாக நடந்துவருகின்றன என்று நம்புகிறேன். சாப்பாட்டு வேளை தவறாதே.

எக்ஸெல் நிற்கிறது. காலையும் மாலையும் நடக்கிறது. தண்ணீர் குடிக்கிறது. கொட்டகையில் பனியன் வேஸ்ட் இப்போது இல்லை. தென்னை நார்த்தூள் பரப்பியாகிவிட்டது.

குதிரை ஒன்றை வைத்துப் பராமரிப்பது பற்றி இந்த நாட்களில் நிறையத் தெரிந்துகொண்டேன். வெயில் கடுமையாக இருக்கிறது. நீ படிப்பில் கவனம் வை. மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
மாமன்


நாமக்கல்
29.08.2024

மாமாவுக்கு வணக்கம்.

டெஸ்ட் முடிந்து இன்று கடிதங்கள் கொடுத்தார்கள். நான்காம் தேதி நான் எழுதிய கடிதம் இன்று காலைதான் தபாலுக்குப் போயிற்று என்பதும் இன்றுதான் தெரிந்தது. மேடம் அதை மேஜையில் வைத்து மறந்துவிட்டார்களாம். ஆனால் அது வருவதற்கு முன்பே நீங்கள் வேஸ்ட்டை எடுத்துவிட்டீர்கள். நான் சொல்லாமல் ஏன் எடுத்தீர்கள்?

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நிற்கிறது, நடக்கிறது, தண்ணீர் குடிக்கிறது. சாப்பிடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. எப்போதும் தேதிக்கு மேலே ஊர் பெயர் எழுதுவீர்கள், இந்த முறை இல்லை. அத்தை வீட்டில் நலம் என்றால், நீங்கள் எங்கே இருந்து எழுதினீர்கள்? கவர் மேல் நாமக்கல் முத்திரை இருக்கிறது.

உங்களுக்கு இந்த ஊரில் கேஸ் எதுவும் கிடையாது. இந்த ஊரில் பெரிய மாட்டாஸ்பத்திரி இருக்கிறது என்று எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போடும் போது மலைக்கோட்டை தெரியும். நீங்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்களா? ஜூனிலும் ஜூலையிலும் மரத்தடியில் உட்கார்ந்தேன். ஆகஸ்டில் உட்கார்ந்தேன். ஒருவரும் வரவில்லை. நான் அதற்கு யாரையும் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் பக்கத்திலேயே இருந்தும் வரவில்லை.

உடைமை என்னுடையது என்று எழுதியது நீங்கள்தான்.

கீதாஞ்சலி


நாமக்கல்
31.08.2024

மாமாவுக்கு,

முந்தாநாள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன்.

நேற்று மதியம் பயாலஜி வகுப்பில் வெளியே குதிரை கனைத்தது. எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்தேன். கொஞ்ச நாளாகவே ஸ்டடி ஹாலில் அந்தக் குளம்புச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு மேற்குப் பக்க வராந்தாவில் நின்ற பிள்ளைகள் “ஏய், குட்டியானை வண்டியில குட்டிக் குதிரைடீ” என்று கத்தினார்கள். சார் கதவைச் சாத்திவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து போய், அது வேறு குதிரையாக இருந்தால் என்ன செய்வது?

இரண்டாம் முறை கனைக்கவில்லை.

மாலையில் வார்டன் மேடம் கூப்பிட்டார்கள். வேட்டி கட்டியவர் ஒருவர் சுற்றுச்சுவர் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு நெடுநேரம் நின்றாராம். “உங்க ஆளுகளா?” என்றார்கள். “தெரியலைங்க மேடம்” என்றேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் அது உண்மைதான். விசிட்டிங் நாள் அல்லாத நாளில் யாராவது பார்க்க வந்தது உறுதியானால் அடுத்த விசிட்டிங் ரத்து என்று சொல்லியிருக்கிறார்கள்.

நீங்கள் எழுதும் பதிலையும் மேடம்தான் முதலில் படிப்பார்கள். உங்களுக்கு அது தெரியும். எப்படி எழுத வேண்டும் என்பதும் தெரியும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அது எக்ஸெல்லா? உயிரோடு இருக்கிறதா?

கீதாஞ்சலி


அவிநாசிபாளையம்
03.09.2024

அன்புள்ள அம்மிணி கீதாஞ்சலிக்கு,

மாமன் அய்யாசாமி எழுதுவது. எக்ஸெல் உயிரோடு இருக்கிறது. இந்த வரியை எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே சோளத்தட்டைத் தின்றுகொண்டிருக்கிறது. நீ கேட்டது எக்ஸெல் கனைத்ததைத்தான். உன் இரண்டு கடிதங்களும் நேற்று ஒன்றாக வந்தன. ஆகஸ்ட் நான்காம் தேதிக் கடிதமும் அவற்றோடு வந்து சேர்ந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆகஸ்ட் பதினேழு காலையில் எக்ஸெல் வேலியோரம் நடக்கவில்லை. குளம்புச் சத்தம் நின்றதை வைத்துத்தான் எழுந்து போய்ப் பார்த்தேன். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. முன்காலால் தரையைக் கிளறியது. படுத்துப் புரண்டது. பக்கத்து ஊர் மாட்டு டாக்டர் ஊசி போட்டுவிட்டு, குடல் அடைப்பு, நாமக்கல்லுக்குக் கொண்டுபோங்கள், தாமதித்தால் பிழைக்காது என்றார். பக்கத்துத் தோட்டத்து வேல்குமாரின் குட்டியானை வண்டியை வரவழைத்து ஏற்றினோம். வழியெல்லாம் அது படுக்காமல் இருக்க நான் பின்னால் நின்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மருத்துவமனையில் மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி எண்ணெய் ஊற்றினார்கள். கழுத்து நரம்பில் மருந்து ஏற்றினார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டி வந்தால் அந்த உடம்பு தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். சம்மதப் படிவத்தில் உரிமையாளர் கையொப்பம் என்று இருந்தது. நான் உரிமையாளர் அல்லன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்த இளம் டாக்டரம்மா, “ஐயா, குதிரையா, சட்டமா, ஏதாவது ஒண்ணைக் காப்பாத்துங்க” என்றார். ‘உரிமையாளருக்காக’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கத்தி வைக்கும் நிலை வரவில்லை. மூன்றாம் நாள் லத்தியோடு வந்தது. வெள்ளைத் துணி, கயிறாகத் திரிந்து போயிருந்தது. என் கைப்பட நான் சோதித்துப் பரப்பிய வேஸ்ட். ஊசியைத் தேடினேன், பட்டனைத் தேடினேன். துணியைத் தின்னும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாட்டைத் தவிர வேறொன்றையும் வளர்த்து அறியாதவன் நான்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்பது உன் அப்பாவின் கருத்து. “டெஸ்ட் நேரத்துல புள்ள மனசு கலங்கிரும் மச்சான்” என்றார். அவர் சொன்னதால் மறைத்தேன் என்று நான் வாதிட மாட்டேன். நானும் அதுவே விவேகம் என்று நினைத்தேன். பொய்யான வரி ஒன்றும் எழுதவில்லை என்று திருப்தியும் பட்டுக்கொண்டேன். பிறர் பொருளைப் பாதுகாப்பவன் அதற்கு நேர்ந்ததை உடையவருக்கு உடனே சொல்லக் கடமைப்பட்டவன் என்று கோர்ட்டில் நான் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன்.

மலைக்கோட்டையைத் தினமும் பார்த்தேன். மருத்துவமனை வளாகத்தில் எக்ஸெல்லை நடத்தும்போது ஒரு திருப்பத்தில் அது தெரியும். அதற்கு அந்தப் பக்கம் நீ இருக்கிறாய் என்று அறிவேன். உன் முகத்தைப் பார்த்தால் என்னால் கவனமாகப் பேச முடியாது என்பதால் வரவில்லை.

முப்பதாம் தேதி விடுவித்தார்கள். ஊர் திரும்பும் வழியில் வேல்குமாரிடம் வண்டியை உங்கள் பள்ளிப் பக்கம் திருப்பச் சொன்னேன். முன்கூட்டி யோசித்துச் செய்த காரியமன்று. நீ எந்தக் கட்டடத்தில் இருக்கிறாய் என்றும் தெரியாது. எக்ஸெல் அதுவரை காதைத் தொங்கப் போட்டு நின்றது. அங்கே தலையைத் தூக்கி ஒருமுறை கனைத்தது. எதற்கு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். எலுமிச்சைச் சாதம் போட்டார்கள் என்று இருக்கிறது. சேமியா என்று இருக்கிறது. நீ சாப்பிட்டாய் என்று ஒரு கடிதத்திலும் இல்லை. இதை முதல் கடிதத்திலேயே நான் கவனித்திருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை முதலில் படிக்கும் விடுதிக் காப்பாளர் அம்மையாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். காவலாளி கேட்டால் வண்டி பழுதாகி நின்றதாகச் சொல்லிவிடலாம் என்று வேல்குமார் அன்றே சொன்னார். கடிதத்திலும் அப்படி எழுதினால் கீதாஞ்சலிக்கு அடுத்த ஞாயிறு கிடைத்துவிடும் என்று நான் அறிவேன்.

வண்டி பழுதாகவில்லை. உன்னைப் பார்க்க நின்றோம்.

மாமன் அய்யாசாமி


அவிநாசிபாளையம்
22.09.2024

அன்புள்ள கீதாஞ்சலிக்கு,

மாமன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். மூன்றாம் தேதிக் கடிதத்துக்கு இதுவரை பதில் வரவில்லை. காலாண்டுத் தேர்வு என்பது காரணமாக இருக்கலாம். வேறு காரணம் இருந்தாலும் அதைக் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அத்தையும் வந்தோம். காவலாளி பட்டியலைப் பார்த்து, “அந்தப் பாப்பாவுக்கு இந்த மாசம் விசிட்டிங் இல்லீங்க. மேல எதும் கேக்காதீங்க, எனக்குத் தெரியாதுங்க” என்றார். உன் அத்தை, உனக்காகச் சுட்டுக் கொண்டுவந்த கச்சாயப் பலகாரத்தைத் தூக்குப்போசியோடு அவர் கையில் கொடுத்துவிட்டு, “நீங்களாச்சும் தின்னுங்க சாமி” என்றாள். பேருந்தில் காங்கயம் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். பிறகு, “வண்டி ரிப்பேருன்னு ஒரு வரி எழுதியிருந்தா என்னங்க?” என்றாள். நான் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

எக்ஸெல் சோளத்தட்டும் புல்லும் தின்கிறது. கொள்ளை முகர்ந்துவிட்டு விலகிவிடுகிறது. பழைய எடை வரவில்லை. பல்லையும் சோதிக்க வேண்டும், குடற்புழு மருந்தும் தவறக்கூடாது என்று நாமக்கல் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும்விட, தனியாக நிற்கவிடக் கூடாது என்றார். ஆகவே சந்தையில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்கினேன். அதற்கு உன் அத்தை மீடியம் என்று பெயரிட்டிருக்கிறாள். முதல் நாள் எக்ஸெல் அதை விரட்டியது. இப்போது அது வேலியோரம் நடந்தால் மீடியமும் பின்னாலேயே நடக்கிறது. நடை குறைந்திருக்கிறது. நிற்கவில்லை.

கடைசியாக, உன் முடிவு தேவைப்படும் விஷயம் ஒன்று. பிறந்தநாள் விழாக்களில் குழந்தைகளை ஏற்றிச் சவாரி விடும் ஆள் ஒருவர் எக்ஸெல்லை விலைக்குக் கேட்கிறார். “செலவுக்குச் செலவு மிச்சம், உங்களுக்கும் கொட்டகையில கெடக்கிற வேலை இல்லை. குடுத்தரலாமுங்க மச்சான்” என்கிறார் உன் அப்பா. உரிமையாளரைக் கேட்காமல் பேச முடியாது என்று சொல்லி அந்த ஆளை அனுப்பிவிட்டேன். என் விருப்பம் என்ன என்று உன் அப்பா கேட்டார். அந்தக் கேள்வியே எழவில்லை என்றேன். எழுகிறது என்பதை உனக்கு மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது போய்விட்டால் இந்த ஜன்னல் ஓரம் என்னால் உட்கார முடியாது. ஆனால் நீ முடிவு செய்யும்போது இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அன்புடன்,
மாமன் அய்யாசாமி


நாமக்கல்
06.10.2024

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் கீதாஞ்சலியின் வணக்கம்.

உங்கள் இரண்டு கடிதங்களும் காலாண்டுத் தேர்வு முடிந்து ஒன்றாக வந்தன. அத்தையின் முட்டிவலியோடு அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து திரும்பினீர்கள் என்று படித்தபோது ஸ்டடி ஹாலில் இருந்து எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் விசிட்டிங் போனதற்கு எனக்கு வருத்தம் இல்லை. வார்டன் மேடம் என்னைக் கூப்பிட்டு உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்து, “உங்க மாமா இதை எழுதாம இருந்திருக்கலாம்” என்றார்கள். “எழுத மாட்டாங்க மேடம்னுதான் நானும் நெனச்சேன்” என்றேன். விதி விதிதான், கொடுத்த தண்டனை சரிதான் என்றார்கள். ஆனால் போகும்போது கூப்பிட்டு, “துணி தின்னு பொழச்சிருச்சா?” என்று கேட்டார்கள். டெஸ்ட் நேரத்திலும் ஒரு வரிக் கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று இப்போது நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது. அதற்குக் காரணம் என்னவென்று யாருக்கும் தெரியாது.

அன்று நான் ஜன்னலுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதற்கு உங்கள் மேல் கோபம் மட்டும் காரணம் இல்லை. கொஞ்ச நாளாக எனக்கு எழுந்திருப்பதே பெரிய வேலையாக இருந்தது. அம்மாவிடம் போனில் பேசும்போது வரிசையில் பின்னால் நிற்பவர்கள் கேட்பார்கள் என்று நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடுவேன். உங்களுக்கும் அதையேதான் எழுதினேன்.

எக்ஸெல்லை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அப்பாவிடம் உரிமையாளர் மறுத்துவிட்டார் என்று சொல்லுங்கள். ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள். இந்த மாத இரண்டாம் ஞாயிறு என் பெயர் பட்டியலில் இருக்கிறது, நானே பார்த்தேன். நீங்கள் வாருங்கள். அம்மாவையும் கூட்டி வாருங்கள், ஷிப்மென்ட் இருந்தாலும்.

அடுத்த கடிதத்தில் எக்ஸெல் சாப்பிட்டதை எழுதுங்கள். சாப்பிடாமல் விட்டதையும் எழுதுங்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இன்று காலை இரண்டு இட்லி. மதியம் தயிர்ச்சோறு, பாதி.

உங்கள் மருமகள்,
கீதாஞ்சலி